மூன்று தொண்டை, 624 குரல்! தெரியுமா?

ஹெட்போன் பக்கத்தில் இருக்கிறதா? எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடிப்பதற்குள் நாலைந்து முறையாவது கை அதைத் தேடும்!

'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படம் பார்த்திருக்கிறீர்களா? தொடக்கத்திலேயே, ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். 10சிசி என்ற ஆங்கிலேயக் குழுவின் 'அயம் நாட் இன் லவ்'. 1975ல் வந்தது. பாடகரின் குரலுக்குப் பின்னால் மார்கழிப் பனி மாதிரி ஒரு கோரஸ் படர்ந்து கிடக்கும். பெரிய தேவாலயத்தில் சில நூறு பேரை நிறுத்திப் பாடவைத்தது போல இருக்கும். அதைப் பாடியது எத்தனை பேர் தெரியுமா?

மூன்றே பேர்!

மான்செஸ்டர் பக்கத்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊர். அங்கே ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ. முதலில் இதே பாட்டை போஸா நோவா தாளத்தில் பதிவு செய்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை. டேப்பையே அழித்துவிட்டார்கள்! ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர்கள் அந்த மெட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். சரி, இன்னொரு தடவை பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது குழுவில் ஒருவரான கெவின் காட்லி ஒரு யோசனை சொன்னார்: வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, குரல்களாலேயே பாட்டை நிரப்பினால் என்ன?

காட்லி, லோல் க்ரீம், கிரஹாம் கௌல்ட்மன் மூவரும் மைக் முன்னால் நின்று ஒரே ஒரு சுரத்தை 'ஆ' என்று பிடித்தார்கள். அதையே 16 தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். மூன்று பேர், 16 தடவை, ஆக 48 குரல். அது ஒரு சுரத்துக்கு மட்டும்! நம் கணக்கில் சொன்னால் சுரஸ்தானங்கள் 12, மேல் ஷட்ஜத்தையும் சேர்த்தால் 13. பதின்மூன்றுக்கும் இதே பாடு. 48ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள்: 624! மூன்று வாரம் இந்த ஒரே வேலை.

இத்தோடு முடியவில்லை. மனிதக் குரலுக்கு மூச்சு முட்டும். பாட்டோ ஆறு நிமிடம். நிற்காமல் ஒலிக்க என்ன வழி? டேப்பின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கினார் குழுவின் நான்காவது ஆளான எரிக் ஸ்டூவர்ட். ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வளையம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. சுமார் 12 அடி நீள டேப், மெஷினிலிருந்து கிளம்பி அறைக்குள் நின்ற மைக் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு மறுபடி மெஷினுக்குள் போய்க்கொண்டே இருந்தது. இப்படி ஒவ்வொரு சுரமும் ஓயாத ஒலியாகி, மிக்சிங் டெஸ்க்கில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தனித்தனி ஃபேடருக்கு வந்து சேர்ந்தது.

பிறகு நால்வரும் டெஸ்க் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஆளுக்குச் சில ஃபேடர்கள். பாட்டு ஓட ஓட, வேண்டிய சுரத்தை ஏற்றுவதும் வேண்டாததை இறக்குவதுமாக... மிக்சிங் டெஸ்க்கையே ஆர்மோனியமாக வாசித்துவிட்டார்கள்! அதிலும் ஒரு நுணுக்கம் பாருங்கள். ஃபேடர்கள் முழுக்க இறங்கிவிடாதபடி அடியில் பட்டை டேப்பை ஒட்டித் தடுத்திருந்தார்கள். அதனால் பதின்மூன்று சுரங்களும் அடங்கவே இல்லை. மிக மெல்ல, எப்போதும் பின்னால் கசிந்துகொண்டே இருக்கும். கச்சேரியில் தம்புரா இருப்பதை மறந்துவிடுவோம், நிறுத்தினால்தான் தெரியும் அல்லவா? அதே வேலைதான்.

நடுவில் ஒரு பெண் குரல் கிசுகிசுக்கும். அவர் பாடகி இல்லை, ஸ்டூடியோ வரவேற்பாளர்! பதிவு நடக்கிறதே என்று கதவை மெல்லத் திறந்து, 'உங்களுக்கு போன் வந்திருக்கிறது' என்று எரிக்கிடம் ரகசியக் குரலில் சொல்லப் போனார். இந்தக் குரல்தான் வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த 624 குரல்களும் எந்த அறையிலும் எந்த நொடியிலும் ஒன்றாக ஒலித்ததில்லை. காற்றில் நடக்காத ஒரு நிகழ்ச்சி, நம் காதில் நடக்கிறது! பழைய பாப் இசைத்தட்டுகள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது இந்த இடத்தில்தான். பாடியவர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். டேப்பை வெட்டி ஒட்டி, ஃபேடரை ஏற்றி இறக்கிப் பாட்டை உருவாக்கியவரின் பெயரோ பின்னட்டையில் பொடி எழுத்தில். என்னைக் கேட்டால் அவர்களும் இசையமைத்தவர்கள்தான்.

அதே 1975ல்தான் குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி'யும் வந்தது. அதன் ஆப்பரா பகுதியில் முழங்கும் கூட்டமும் மூவர்தான்: ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். பாடிப் பாடி மேலே மேலே அடுக்கியதில் டேப் எத்தனை தடவை மெஷினில் ஓடியிருக்கும்! அதன் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்ததாம்!

சரி, இப்போது ஹெட்போனை மாட்டுங்கள். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. கிட்டத்தட்ட சரியாக ஒரு நிமிடம் ஓடியதும் ஏதோ நடக்கிறது, கவனித்தீர்களா? ஜான் லெனனின் குரல் சட்டென்று கனத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல ஆகிவிடும். அந்த இடத்தில் டேப்பில் ஒரு ஒட்டு இருக்கிறது தெரியுமா? நாம் கேட்பது ஒரு பாட்டு அல்ல, இரண்டு!

1966 கடைசியில் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் அந்தப் பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்று மெதுவானது, மென்மையானது. இன்னொன்று டிரம்பெட்டும் செல்லோவுமாக வேகமானது. முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் லெனன் கேட்டார். சேர்ப்பதா? இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி!

இங்கேதான் டேப்பின் ஒரு குணம் கைகொடுத்தது. கேசட் பிளேயரில் பேட்டரி தீரும்போது எஸ்.பி.பி. குரல் இழுபட்டுத் தடித்துப் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? டேப் மெதுவானால் தாளமும் தளரும், கூடவே சுருதியும் இறங்கும். இரண்டும் பிரியாத ஜோடி. அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்: வேகமாக இருந்த பதிவேதான் சுருதியிலும் உயர்ந்திருந்தது. ஓட்டத்தைச் சரிக்கட்டியபோது வேகமும் சுருதியும் ஒரே நேரத்தில் இறங்கி வந்து மற்றதோடு பொருந்தின! மார்ட்டினும் சவுண்ட் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்டும் ஒட்டு தெரியவில்லை. இனி உங்களுக்குத் தெரியும். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு விடவே விடாது.

கேசட்டில் பென்சிலைச் செருகிச் சுற்றிய தலைமுறையா நீங்கள்? அப்படியானால் இதைக் கேளுங்கள். அதே ஆண்டு ஏப்ரலில் 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாட்டுக்காகப் பல டேப் வளையங்களை ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டியிருந்தது. அத்தனை மெஷின்கள் ஒரு அறையில் ஏது? கட்டடம் முழுக்கப் பல அறைகளில் இருந்த மெஷின்களில் ஓடவிட்டார்கள். வளையம் தொய்ந்துவிடாமல் இருக்க, ஊழியர்கள் பென்சிலை அதற்குள் கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்! ஒலிகள் எல்லாம் ஒயர் வழியாக ஒரே டெஸ்க்குக்கு வந்தன. கடல்பறவை கத்துவது போல ஒன்று, ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று, என்னவென்றே புரியாதது ஒன்று... கை போன போக்கில் ஃபேடரைத் திறந்து மூடினார்கள். அந்த மிக்ஸை இன்னொரு தடவை அப்படியே செய்ய யாராலும் முடியாது. தொடக்கத்தில் கேட்கும் ரீங்காரம் எது தெரியுமா? நம் தம்புராவேதான்! மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல என் குரல் இருக்க வேண்டும் என்று லெனன் கேட்க, ஆர்கன் வாத்தியத்தின் சுழலும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் அவர் குரலைச் செலுத்தி எடுத்தார் எமரிக். அப்போது அவருக்கு வயது 20!

பாத்ரூமில் பாடும்போது நம் குரலே நமக்குப் பிடித்துப்போகிறதே, ஏன்? சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குரலுக்கு மெருகு போடுகிறது. இன்று அது கம்ப்யூட்டரில் ஒரு பட்டன். அன்று அதற்கென்று அறையே கட்டினார்கள்! ஆபி ரோடில் ஒரு வெற்று அறையில் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒலியைச் சிதறடிக்க நடுநடுவே நட்டுவைத்த பீங்கான் பூச்சுள்ள சாக்கடைக் குழாய்கள். பாடகரின் குரல் ஒயரில் அந்த அறைக்குப் போய், குழாய்களில் மோதித் திரும்பி வந்து சேரும். ஹாலிவுட்டின் கேப்பிடல் கட்டடத்தில் எக்கோ அறைகள் பூமிக்கு அடியில்! 1957ல் ஜெர்மனியின் இஎம்டி கம்பெனி அறையே வேண்டாம் என்று கொண்டுவந்தது, சட்டத்தில் தொங்கவிட்ட ஒரு பெரிய எஃகுத் தகடு. சுமார் 270 கிலோ. தகடு அதிர்வதுதான் நீங்கள் கேட்கும் எக்கோ.

அறை போதாதவர்கள் லிஃப்டுக்கே போனார்கள். சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'தி பாக்ஸர்' பாட்டில், பல்லவி திரும்பத் திரும்ப வரும்போது இடி விழுவது போல ஒரு டிரம் அடி. நியூயார்க்கில் கொலம்பியா ஸ்டூடியோவில், திறந்துவைத்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் டிரம்மைப் போட்டு அடித்தார் ஹால் பிளெய்ன். மாடி மாடியாக நீண்ட அந்த லிஃப்ட் கிணறுதான் எக்கோ! அப்படி ஓங்கி அடித்த ஒரு நொடியில் லிஃப்ட் வந்து நின்று கதவு திறக்க, உள்ளே இருந்த வயதான காவலாளி தன்னை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று அரண்டு போனாராம். பிளெய்ன் பல வருடம் சொல்லிச் சிரித்த கதை இது.

அறையை வாத்தியமாக்கியதில் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி, டேவிட் பௌவியின் 'ஹீரோஸ்'. 1977, பெர்லினில் ஹன்சா ஸ்டூடியோ. பெர்லின் சுவர் கூப்பிடு தூரத்தில். டேப்பில் எல்லா டிராக்கும் நிரம்பிவிட்டன, பாடுவதற்கு மிச்சம் ஒரே ஒரு டிராக். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று பௌவியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். இரண்டாவது 20 அடி தள்ளி. மூன்றாவது அந்தப் பெரிய மண்டபத்தின் கோடியில், 50 அடி தள்ளி. தள்ளியிருந்த இரண்டுக்கும் ஒரு 'கதவு' போட்டார். குரல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓங்கினால்தான் மைக் திறக்கும், தணிந்தால் மூடிக்கொள்ளும்.

விளைவைக் கேட்டுப் பாருங்கள். முதலில் பௌவி உங்கள் காதோரம் பேசுகிறார். குரல் கொஞ்சம் ஏற, முதுகுக்குப் பின்னால் ஒரு அறை பிறக்கிறது. கடைசியில் அவர் கத்தும்போது மண்டபமே திறந்துகொண்டு அவரோடு கத்துகிறது! அந்த மண்டபத்தைத் திறக்க வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்தியே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பாட்டின் பொருளும் மைக் வைத்த விதமும் ஒன்றாகிப்போன இடம் இது. இதைவிட அழகான ஒலிப்பதிவை நான் கேட்டதில்லை.

இதே கதவு வித்தை டிரம்முக்குப் போனது தற்செயலாக! லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் பேசுவது இன்ஜினியருக்குக் கேட்பதற்காக மேலே ஒரு மைக் தொங்கும். மெல்லப் பேசினாலும் காதில் விழும்படி ஒலியைக் கசக்கிப் பிழிந்து கொடுக்கும் அது. பதிவுக்கானதே அல்ல. பீட்டர் கேப்ரியலின் 1980ஆம் வருட ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் டிரம் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் வந்த முழக்கத்தைக் கேட்டு இன்ஜினியர் ஹ்யூ பேட்ஜம் அசந்துவிட்டார். முழக்கம் வரட்டும், ஆனால் நீளாமல் வெட்டுப்பட வேண்டும் என்று பின்னால் ஒரு கதவையும் போட்டார். அடுத்த வருடம் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்'. மூன்றரை நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தால் அந்த டிரம் வந்து நெஞ்சில் இறங்கும். எண்பதுகளின் பாப் டிரம் முழுக்க இதன் வாரிசுதான்!

பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டுக்கு டிரம் வாசித்தவர் யார் தெரியுமா? அட்டையில் பெர்னார்ட் லூப் என்று போட்டிருக்கும். அப்படி ஒரு ஆளே கிடையாது! 1977ல் பிரான்ஸில் பதிவு நடந்தபோது டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பத் துயரத்தால் ஊருக்குப் போக வேண்டி வந்தது. ஏற்கெனவே அவர் வாசித்திருந்த 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து இரண்டே இரண்டு தாளக்கட்டை வெட்டி வளையமாக்கினார்கள். அதுவும் மைக் ஸ்டாண்டைச் சுற்றித்தான் ஓடியது. தொய்யாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் டேப் சக்கரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். தற்காலிகமாகச் செய்தது, கேட்கக் கேட்க அதன் அசையாத நடை எல்லாருக்கும் பிடித்துப் போனது. இன்று இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியை இந்தப் பாட்டின் வேகத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 103 தட்டு, உயிர் காக்கச் சரியான அளவு! அந்த வளையத்தை விடவும் மனசு வரவில்லை. 'மோர் தேன் எ உமன்' பாட்டிலும் அதே இரண்டு தாளக்கட்டுதான்.

சரி, எல்லாம் பதிவாகிவிட்டது. இனி மிக்சிங். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கிய ஸ்பீக்கரில் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்றா நினைக்கிறீர்கள்? டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் கார் ரேடியோவுக்கான சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள்! கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் முதலாளி பெர்ரி கோர்டி. வீட்டு கராஜ்தான் அவரது ஸ்டூடியோ. வாங்கப் போகிற பிள்ளைகள் காரில்தானே கேட்பார்கள், அதில் நன்றாயில்லாவிட்டால் என்ன பிரயோசனம் என்பது கணக்கு. பேஸ் கிட்டாரை ஒற்றை விரலால் மீட்டிய ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பு அந்தப் பொடி ஸ்பீக்கரிலும் தெளிவாக எழுந்து நிற்க வேண்டும். நின்றது!

கலிபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலேயே இருந்தது. ஸ்டீரியோ என்பது அவருக்கு அனுபவமே இல்லாத ஒன்று. 1966ன் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை அதனால் மோனோவிலேயே மிக்ஸ் செய்தார். சைக்கிள் மணி, தண்ணீர் கேன், நாய்க் குரைப்பு உட்பட அத்தனையையும் ஒற்றைப் புள்ளியில் குழைத்து வைத்திருக்கிறார். மோனோவில் கேளுங்கள், தயவுசெய்து.

மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்'? தொடக்கத்தில் டிரம் மட்டும் தனியாக வரும் அந்தச் சில நொடிகளிலேயே உலகம் பாட்டைக் கண்டுகொள்கிறது. அதற்காகவே இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் தனி மரமேடை போட்டார், டிரம்முக்கு ஜிப் வைத்த உறை தைத்தார், ஒன்றின் ஒலி மற்றதில் கலக்காமல் நடுவில் பலகை வைத்தார். பின்குரல் சிலவற்றை ஆறடி நீள அட்டைக் குழாய் வழியாக மைக்கேலைப் பாடவைத்தார். பிறகு மிக்ஸ் செய்ய உட்கார்ந்தார். இரண்டாவது மிக்ஸ் எல்லாருக்கும் பிடித்தது. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... 91வது மிக்ஸ் வரைக்கும் போய்விட்டார்! கடைசியில் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ், எதற்கும் அந்த இரண்டாவதை ஒருமுறை போடு என்றார். போட்டார்கள். இன்று நாம் கேட்பது அந்த இரண்டாவது மிக்ஸ்தான்.

ஹெட்போன் இன்னும் காதில்தானே இருக்கிறது? கழற்றுவதற்கு முன் ஒன்றே ஒன்று. பீட்டில்ஸின் 'எ டே இன் தி லைஃப்'. 1967 பிப்ரவரி 22 இரவு, ஆபி ரோடு. பியானோக்களின் முன்னால் பல கைகள் தயாராக நின்று, ஒரே நொடியில் ஒரே சுரக்கூட்டை ஓங்கி அழுத்தின. யாரும் கையை எடுக்கவில்லை. ஒலி தேயத் தேய, எமரிக் ஃபேடரை மேலே தள்ளிக்கொண்டே போனார். நாற்பது நொடிக்கும் மேலாகச் சாகாமல் நிற்கிறது அந்த ஒலி. கடைசி நொடிகளில் டெஸ்க் முழுக்கத் திறந்திருந்ததால் அறையின் காற்றே பதிவாகியிருக்கிறது. வால்யூமை நன்றாகக் கூட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேளுங்கள். ஒலி அடங்கப் போகும் அந்த விளிம்பில், யாரோ அசைந்து உட்கார்கிறார்கள். நாற்காலி ஒன்று 'கிறீச்' என்கிறது.